அந்த சயாங் யாரு?

மனைவியின் பேட்டிக்காக வானொலியிலிருந்து அழைப்பு வருவதற்குள் காளிதாஸ் மின்விசிறியை நிறுத்தினான், போட்டான், மறுபடி நிறுத்தினான். செனாய் ஊரிலுள்ள தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பேருந்தின் ஓட்டுநர் அவன். காலையில் ஆட்களை இறக்கிவிட்டு வந்ததும் வழக்கமாகத் தூங்கிவிடுவான். இன்று கூலாயிலுள்ள தன் வீட்டுக் கூடத்தில் உட்காராமல் நடந்துகொண்டிருந்தான்.

“நேரா சொல்லிடு. யாரு அவன்?”

“ஆளு யாரும் இல்லங்க,” என்றாள் அவன் மனைவி தேன்மொழி.

“ஆளில்லாம பாட்டா? பஸ்ஸுல பொண்ணுங்க கேலி பண்ணுதுங்க. ‘அண்ணே, அந்த சயாங் நீங்கதானா’ன்னு.”

ஓர் உள்ளூர் இசைக்குழுவுக்கு அவள் எழுதிக் கொடுத்த பாட்டு இப்போது எல்லாக் கல்யாண மண்டபங்களிலும் ஒலிக்கிறது. ‘கையில வந்தத விட்டுட்டேன், சயாங்.’ அன்பே என்று மலாயில் சொல்வதாக நினைத்து மாப்பிள்ளைகள் மண்டியிட்டுப் பாடுகிறார்கள். ‘நீங்கதான்’ என்று ஒரு பொய் சொன்னால் போதும், அவன் தூங்கிவிடுவான். அது அவள் வாயில் வரவில்லை.

கைப்பேசி அடித்தது.

“ஸ்பீக்கர்ல போடு,” என்றான்.

அறிவிப்பாளர் லோஷினி நலம் விசாரித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள். “நேயர்கள் எல்லாம் காத்திருக்காங்க அக்கா. யாரு அந்த சயாங்?”

தேன்மொழி கணவனைப் பார்த்தாள். அவன் நின்றுவிட்டான்.

“ஆளு இல்லம்மா. ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கெடச்சுது. வேணாம்னு சொல்லப் போனேன். கவுண்டர்ல இருந்த மலாய்க்கார அம்மா என்னையே பாத்துட்டு, ‘சயாங்லா, அடிக்’னாங்க. அடடா, வீணாப் போச்சே தங்கச்சின்னு அர்த்தம். அதத்தான் எழுதினேன்.”

“அலமாக்! அத கல்யாணத்துல போடுறாங்களே!” லோஷினி சிரித்தாள். “ஏன்க்கா போகல?”

கல்யாணத் தேதி குறித்த வாரம் அது. ‘பயிற்சியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்’ என்று அன்று சொன்னவன் எதிரே நின்றான்.

“கல்யாணம்,” என்றாள்.

லோஷினியின் சிரிப்பு நின்றது. சட்டென்று பாட்டைப் போட்டார்கள். தேன்மொழி இணைப்பைத் துண்டித்தாள்.

காளிதாஸ் நாற்காலியை இழுத்தான். உட்காரவில்லை.

“ஆளா இருந்திருந்தா,” என்றான், “போயி சட்டையப் புடிச்சிருப்பேன்.”