சிங்க்குக்கு அடியில் பதினேழு இன்ச்

நாலு வருஷமாக அந்த வீட்டில் ஒரு தண்ணீர் ஃபில்டரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாங்கினார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மேல் மாடிக்காரர் ஒன்றைச் சொல்வார். எதிர் வீட்டு டீச்சர் அது கூடவே கூடாது என்பார். புருஷனின் பட்டறைக் கூட்டாளி, "தண்ணிய வடிகட்டினா அதுல இருக்கிற சத்தெல்லாம் போயிடும்பா" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார். ஆளுக்கொரு நியாயத்தைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் பழைய குருடி கதவைத் திறடி என்று அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், சரி. உப்பு சாகுமா?

அவள் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பாள். அவர் தச்சர். வீட்டில் இருக்கும் கட்டில், பெஞ்சு, சமையலறை அலமாரி எல்லாம் அவர் கைவேலைதான். இரண்டு பேருமே அளவெடுத்துப் பிழைக்கிறவர்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மத்தியானம் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அவர் திங்கக்கிழமை வேலையா வெளியூர் போறார். மூணு மாசம் ஆகுமாம். நான் குழந்தையைத் தூக்கிக்கிட்டு உன்கிட்ட வந்து இருக்கட்டுமா?"

தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தைக்கு ஐந்து மாசம். பெரியம்மா என்று பேர்தான், மூன்றே மூன்று தடவைதான் அதைக் கையில் வாங்கியிருக்கிறாள். மூன்று தடவையும் விளக்கு வைப்பதற்கு முன்னால் திருப்பிக் கொடுத்தாயிற்று.

"இதெல்லாம் கேக்கணுமாடி? இப்பவே கிளம்பி வா."

"இரு, முழுசாக் கேளு. சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன். ரெண்டு நாள் இருந்து பாக்குறேன். ஒத்துக்கிச்சுன்னா மூணு மாசமும் உன்கூடத்தான். இல்லேன்னா நாத்தனார் வீட்டுக்குப் போயிடறேன். தப்பா எடுத்துக்காதேக்கா."

எது ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசம் இருக்கிறேன் என்று ஆசையாக வந்தவள், மூன்றாம் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் வந்ததெல்லாம் காலையில் வந்து சாயங்காலம் போகிற கதைதான். தண்ணீர் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்குவாள். அவள் போன பிறகு பார்த்தால் டம்ளர் வைத்தபடியே மேஜையில் இருக்கும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும்போது அக்காக்காரிக்கு வயிறு எரியும். பெற்றவர்கள் போன பிறகு அந்தப் பெண்ணுக்கு இருக்கிற பிறந்த வீடு இது ஒன்றுதான். அதில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வழியில்லை என்றால் அது என்ன வீடு?

அன்றைக்கே புருஷனிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "என்னங்க, இனிமே யார்கிட்டயும் யோசனை கேக்கப் போறதில்ல. சனிக்கிழமை காலைல கடைக்குப் போறோம், வாங்குறோம், மாட்டுறோம். நாலு மணிக்கு அவ வந்து நிக்கும்போது குழாயில நல்ல தண்ணி வரணும்."

"இதை நாலு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அவர்.

"சொன்னேன். நீங்கதான் சத்து போயிடும்னீங்க."

அவர் உளியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்தால் நஷ்டம் என்று தெரிந்த மனிதர்.

வெள்ளிக்கிழமை அவர் ஒரு வீட்டில் கதவு பொருத்தப் போயிருந்தார். அங்கிருந்து போன் போட்டு, "சிங்க்குக்கு அடியில அலமாரிக்குள்ள உயரம் எவ்வளவுன்னு அளந்து எழுதி வை" என்றார். அலமாரி அவர் செய்ததுதான். ஆனால் சிங்க் தொட்டி பிறகு வந்தது, அதன் வயிறு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று யாருக்கு ஞாபகம்? தையல்காரி கழுத்து நாடாவை உருவி, முட்டி போட்டு, உள்ளே தலையை விட்டு அளந்து, காதில் சொருகியிருந்த பென்சிலால் சீட்டில் எழுதினாள்: உயரம் பதினேழு.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். அவள் பையில் ஒரு பாட்டில் தண்ணீர், வீட்டுக் குழாயில் பிடித்தது. உள்ளே சுவர் முழுக்க ஃபில்டர்கள். நீல விளக்கு எரிகிறது ஒன்று, தானே பேசுகிறது ஒன்று. அவளுக்குத் துணிக்கடைக்குள் நுழைந்த மாதிரி கை பரபரத்தது. எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, நீல விளக்கின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

கடைக்காரம்மா விவரமானவர். எடுத்த எடுப்பில் எதையும் காட்டவில்லை. "முதல்ல உங்க தண்ணிக்கு என்ன கேடுன்னு சொல்லுங்க. நாத்தமா, கலங்கலா, உப்பா?"

"மூணும்தான்" என்று பாட்டிலை நீட்டினாள்.

கடைக்காரம்மா பேனா மாதிரி ஒரு கருவியை அதில் முக்கினார். எண் ஓடி ஓடி அறுநூற்று நாற்பதில் நின்றது. "கரைஞ்சிருக்கிற உப்போட கணக்கு இது. கம்மியா இருந்தா இதோ இந்த மூணு குழாய் ஃபில்டரே போதும்னு சொல்லியிருப்பேன். இது நாத்தத்தை எடுக்கும், கலங்கலை எடுக்கும். உப்பு அப்படியேதான் இருக்கும். உங்க வீட்ல யாரு இருக்கா?"

"அஞ்சு மாசக் குழந்தை வருது" என்றாள் தையல்காரி. சொல்லும்போதே முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "பால்பவுடர் கரைக்கணும்."

"அப்ப உப்பு எடுக்கிறதுதான் வேணும். எடுத்தாலும் குழந்தைக்குக் காய்ச்சி ஆற வெச்சுத்தான் கரைக்கணும், அதை விட்டுடாதீங்க." அவர் விளக்கும் பேச்சும் இல்லாத ஒரு வெள்ளைப் பெட்டியை இழுத்து வைத்தார். "இது சிங்க்குக்கு அடியில உக்காந்துக்கும். மேல தனியா ஒரு சின்னக் குழாய் வரும்."

"உள்ள இருக்கிற ஃபில்டரை மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் ஆள் வரணுமா?"

"நீங்களே மாத்தலாம்." கடைக்காரம்மா உள்ளே இருந்த உருளையைத் திருகி எடுத்துக் காட்டினார். தையல்காரியும் திருகிப் பார்த்தாள். தையல் மிஷினில் பாபின் மாட்டுகிற மாதிரி டக்கென்று உட்கார்ந்தது. அந்த ஒரு சத்தத்துக்கே பெட்டியை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நீல விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உயரம் பதினாறு இன்ச். இடம் இருக்கான்னு பாத்துக்குங்க" என்றார் கடைக்காரம்மா.

தையல்காரி சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தச்சர் எட்டிப் பார்த்து, பதினேழு என்று படித்து, திருப்தியாகத் தலையாட்டினார். எழுதி வைத்த அளவு அவருக்கு வேதவாக்கு. நாலு வருஷம் நடக்காத காரியம் அரை மணி நேரத்தில் முடிந்தது. வண்டியில் வீடு திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள். குழந்தையை எந்த அறையில் படுக்கப் போடுவது, எந்தத் துணியில் திரைச்சீலை தைப்பது என்று வழியெல்லாம் பேச்சு. அவர் உம் கொட்டிக்கொண்டே வந்தார். அவருக்கும் உள்ளுக்குள் குறுகுறுப்புதான், காட்டிக்கொள்ள மாட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கடையிலிருந்து குழாய்க்காரர் வந்தார். நல்ல தாட்டியான ஆள். தொட்டியின் ஓரத்தில் துளை போட்டுச் சின்னக் குழாயை நிறுத்தினார், தண்ணீர் வரும் இணைப்பைப் பிரித்தார், மூச்சு வாங்க உட்கார்ந்து பெட்டியை உள்ளே தள்ளினார். அது போகவில்லை. சாய்த்துத் தள்ளினார். தொட்டியின் வயிற்றில் இடித்துக்கொண்டு நின்றது.

"அக்கா, உள்ள உயரம் எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"பதினேழு."

அவர் தன் இரும்பு நாடாவை விட்டுப் பார்த்தார். "பதினஞ்சுதான் இருக்கு."

தச்சரும் குனிந்து பார்த்தார். பதினைந்து. நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? சொல்லித்தானே ஆக வேண்டும்.

"பதினஞ்சுதாங்க இருந்துச்சு. எழுதும்போது தாராளமா இருக்கட்டும்னு ரெண்டு இன்ச் சேத்து எழுதிட்டேன். நேத்து காலைலேர்ந்து எட்டு சட்டைக்கு அளவு எழுதிக்கிட்டே இருந்தேனா, அதே கையோட இதையும்..."

தச்சர், "ஏம்மா, என் அலமாரி என்ன, சாப்பிட்டுக் குண்டாகுமா?" என்றார். குழாய்க்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, தொப்பை குலுங்கியது. ஆனால் தையல்காரி சிரிக்கவில்லை. கண் கலங்கி நின்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

"படுக்க வெச்சா ஓடாதா?" என்று கேட்டாள்.

"நிமிர்ந்துதான்க்கா நிக்கணும், இல்லேன்னா பம்ப்பு போயிடும். வெளியில வைக்கலாம்னா இந்தச் சமையலறைல ஒரு சாண் இடம் இல்ல. ஒண்ணு செய்யலாம். அந்த மூணு குழாய் ஃபில்டர் பன்னண்டு இன்ச்தான். அரை மணில கொண்டாந்து மாட்டிடறேன். நாத்தம் போயிடும்."

"உப்பு?"

"உப்பு இருக்கும்."

மணி ஒன்றரை. தையல்காரி அடுப்பைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். நாத்தமாவது போகட்டும், ஒன்றுமில்லாததற்கு அதுவாவது என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது தச்சர் தரையில் மல்லாந்து படுத்து அலமாரிக்குள் தலையை விட்டார். உள்ளிருந்து கையால் அடிப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கீழே வெற்றிடம். பலகைக்கும் தரைக்கும் நடுவில் மூன்று இன்ச் இடைவெளி விட்டுச் செய்திருந்தார்.

"அடிப்பலகையை அறுத்துடலாம்" என்றது உள்ளிருந்து குரல். "பெட்டி தரைமேல உக்காரும். மூணு இன்ச் கிடைச்சுடும்."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பலகை ஒட்டு இல்லாத ஒரே பலகை. அப்படி ஒன்று கிடைக்க அவர் ஒரு வருஷம் காத்திருந்தார். யாராவது வேலை கொடுக்க வந்தால் கூடத்தில் இருக்கும் கட்டிலைக் காட்ட மாட்டார், சமையலறைக்குக் கூட்டிப்போய் இந்தக் கதவைத் திறந்துதான் காட்டுவார். அதன்மேல் ஈரத்துணியை வைத்ததற்காக அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்.

"வேணாங்க. நான் பண்ணின தப்புக்கு அதை ஏன் வெட்டணும்?"

"தப்பாவது ஒண்ணாவது. பலகையா மூணு மாசம் நம்ம வீட்ல சிரிச்சு விளையாடப் போகுது?" என்று சொல்லிவிட்டு ரம்பம் எடுக்கப் போனார்.

அவள் கோடு போடப் பென்சிலை நீட்டினாள். அவர் நாலு பக்கமும் கோடு போட்டார். ரம்பத்தை வைப்பதற்கு முன்னால் பலகையை ஒரு தரம் உள்ளங்கையால் தடவினார், அவ்வளவுதான். பிறகு ஒரே மூச்சில் அறுத்துத் தள்ளினார். மரத்தூள் பறந்து மூன்று பேரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி ஆனார்கள். பெட்டி உள்ளே போனது. சொன்ன மாதிரியே தரையில் உட்கார்ந்தது. குழாய்க்காரர் இணைப்பை முடுக்கி, சுவிட்சைப் போட்டார். பம்ப்பு மெல்ல உறுமியது.

அப்புறம்தான் பெரிய சோதனை. முதலில் நிரம்பும் தண்ணீரைக் குடிக்கக் கூடாதாம், இரண்டு தடவை நிரப்பிக் கொட்ட வேண்டுமாம். ஒரு தடவை நிரம்ப அரை மணிக்கு மேல் ஆகும். தையல்காரி கடிகாரத்தைப் பார்ப்பதும் பெட்டியில் காதை வைத்துக் கேட்பதுமாக இருந்தாள். நடுவில் வீட்டைக் கூட்டினாள், துடைத்தாள், மறுபடி வந்து காதை வைத்தாள். கிளம்புவதற்கு முன்னால் குழாய்க்காரர் தன் கருவியைத் தண்ணீரில் முக்கிக் காட்டினார். நாற்பத்திரண்டு. அவள் அந்த எண்ணை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழே கார் வந்து நின்றது. பால்கனிக்கு ஓடினாள். தங்கச்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். தச்சர் தலையில் மரத்தூளோடு மூட்டை இறக்கக் கீழே போயிருந்தார். தங்கச்சியின் புருஷன் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னப் பை. அதன் பக்கத்தில் பெரிய பெரிய தண்ணீர்க் கேன்கள் இரண்டு.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளைக்கு இரண்டு கேன். கணக்கு போட்டுத்தான் வந்திருக்கிறாள். அவள்மேல் கோபப்பட முடியுமா? பச்சைக் குழந்தைக்காரி. ஆனாலும் வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

தங்கச்சி மாடியேறி வந்தாள். குழந்தை பெரியம்மாவின் கைக்குத் தாவியது. தையல்காரி ஒரு கையில் அதை இடுக்கிக்கொண்டு, மறு கையால் சின்னக் குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பி நீட்டினாள். ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டாள்.

தங்கச்சி எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே வாங்கினாள். அக்காவின் மனசு நோகக் கூடாதே என்று உதட்டில் வைத்து ஒரு வாய் நனைத்தாள். நிறுத்தினாள். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து முழு டம்ளரையும் குடித்து முடித்தாள்.

"என்னக்கா இது?"

தையல்காரி காலால் அலமாரிக் கதவைத் தள்ளித் திறந்தாள். தங்கச்சி குனிந்தாள். வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். பெட்டியைச் சுற்றி, அறுத்த வாசனை போகாத பலகையைப் பார்த்தாள். அதைத் தொட்ட விரலில் மரத்தூள் ஒட்டியது.

"மாமாவா அறுத்தார்? இந்தப் பலகையையா?"

"வேற யாரு."

தங்கச்சி எழுந்தபோது கண் நிறைந்திருந்தது. நேராகப் பால்கனிக்குப் போனாள். கீழே அவள் புருஷன் ஒரு கேனைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கேனை இறக்க வேணாம். கார்லயே வெச்சு எடுத்துட்டுப் போங்க" என்றாள். "நாளைக்கு எங்களைப் பாக்க வரும்போது குழந்தையோட கட்டிலை ஏத்திக்கிட்டு வந்துடுங்க."