நாற்பத்தொன்று

எங்கள் தெருப் பள்ளியில் முதல் ரேங்க் வாங்குகிறவருக்கு இறுதித் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வரும், இரண்டாம் ரேங்குக்கு நாற்பது, மூன்றாம் ரேங்குக்கு முப்பத்தொன்பது; என்ன எழுதினாலும் இதுதான். விடைத்தாள் திருத்துகிறவர்கள் நியாயமானவர்கள், எண்பது என்றால் எண்பது என்றுதான் சிவப்பு மையில் போடுவார்கள். ஆனால் கட்டு, தபால் வண்டியில் ஏறி ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போது உள்ளே எண்கள் கழன்று ஊர்ந்து, அந்தந்த ரேங்குக்குரிய பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓட்டுபவருக்கு அந்தச் சலசலப்பு பழகிப்போய், தூக்கம் வராமலிருக்க உதவுகிறது என்பார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பள்ளியில் கடைசி ரேங்குக்கே அறுபத்துமூன்று. அங்கே ஒருவர் தாள் முழுக்கக் கப்பல் படம் வரைந்து அறுபத்துமூன்று வாங்கி இன்ஜினியர் ஆனார். அவர் கட்டிய பாலங்களில் நாங்கள் கொஞ்சம் வேகமாகத்தான் நடப்போம்.

தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். அதாவது ஏழாம் ரேங்க் வரை கரையேறலாம். எட்டாம் ரேங்குக்கு முப்பத்துநான்கு. சைக்கிள் கடைக்காரர் எட்டாம் ரேங்க், அவருடைய மூத்த மகளும் எட்டாம் ரேங்க், இப்போது காலாண்டுத் தேர்வில் நடு மகளும் எட்டாம் ரேங்க். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத குடும்பம் என்று தெருவே சொல்லும். நடு மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் தயாராக இருந்தது, தேர்ச்சி பெற்றால் போதும். தெருவில் யாருக்கு ஊசி போட வேண்டுமென்றாலும் கூடவே போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடித்தால் வலிக்காது, இதை நாங்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். அந்த ஒரே ஒரு மார்க்குக்காக அவள் ராப்பகலாகப் படித்தாள், ஏழாம் ரேங்க்காரியும் அதே பயத்தில் படித்தாள், இருவரும் பேசிக்கொள்வதையே விட்டுவிட்டார்கள்.

அரையாண்டுத் தேர்வுதான் ரேங்கை முடிவு செய்யும். முடிவு வந்ததும் கணக்கு டீச்சர் வகுப்புக் கதவின் உட்புறம் வெள்ளை பெயின்டில் ரேங்க் வாரியாகப் பெயர்களை எழுதிவிடுவார். முன்பெல்லாம் சாக்பீஸில் எழுதினார்கள், பிள்ளைகள் அழித்து மாற்றியதால் பெயின்ட் வந்தது. சமமாக வாங்கியவர்களுக்குச் சம ரேங்க் என்பது தலைமை ஆசிரியரே போட்ட விதி. கதவருகே உட்கார்ந்து போன வருடத்துப் பெயர்களையே வெறித்துக்கொண்டிருந்த எட்டாம் ரேங்க்காரிக்கு, ஒருநாள் மதிய இடைவேளையில் அந்த விதி மண்டையில் உறைத்தது. நேராக முதல் ரேங்க்காரியான மருந்துக்கடைக்காரர் மகளிடம் போனாள்.

"உனக்கு எப்படியும் நாப்பத்தொண்ணுதான்டி. எல்லாரும் ஐநூறுக்கு முந்நூறு வாங்கினா எல்லாருமே முதல் ரேங்க். எங்களையும் ஏத்திக்கிட்டா உனக்கு என்ன குறையப் போகுது?"

மருந்துக்கடைக்காரர் மகள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "மேல நான் மட்டும் தனியா இருக்கறது குறையும்," என்றாள். பிறகு, "அது ஒண்ணும் அவ்வளவு நல்லாவும் இல்லதான்," என்றாள்.

சொல்வது சுலபம். முப்பத்தாறாம் ரேங்க்காரியான பேக்கரிக்காரர் மகளை முந்நூறுக்கு ஏற்றுவது என்றால் மலையைக் கயிறு கட்டி இழுக்கிற வேலை. இழுத்தார்கள். பேக்கரியில் மாவு பிசையும்போது வரலாறு, துணி துவைக்கும்போது கணக்கு, முடிதிருத்தும் கடை வாசலில் இலக்கணம். ஏழாம் ரேங்க்காரியும் எட்டாம் ரேங்க்காரியும் அவளுக்கு ஆளுக்கொரு பாடம் எடுக்கும் சாக்கில் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். அவள் மக்கு என்று எல்லோரும் நினைத்திருந்தோம். உண்மையில் ஆறு மார்க் நிச்சயம் என்பதால் அவளிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

அரையாண்டின் கடைசித் தாள் அன்று முதல் ரேங்க்காரியின் கை தப்பான பதிலை எழுத மறுத்தது. பேனாவைத் தள்ளியும் பார்த்தாள், நகரவில்லை. அதனால் முந்நூறுக்குக் கணக்குப் பார்த்து எழுதிவிட்டு, மிச்ச நேரம் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டாள். பேக்கரிக்காரர் மகளுக்கோ கூட்டிப் பார்த்தால் முந்நூற்று நான்கு வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, தெரிந்த பதில் ஒன்றை வேண்டாம் என்று அழித்தாள். அந்தச் சுகத்தைப் பற்றி இன்றைக்கும் ரொட்டி வாங்க வருகிறவர்களிடம் சொல்வாள்.

டீச்சர் மூன்று தடவை கூட்டினார். முப்பத்தாறு முந்நூறு. காப்பி அடித்ததாகச் சொல்லவும் வழியில்லை, ஒரு தாள் மாதிரி இன்னொரு தாள் இல்லை. தலைமை ஆசிரியர் குதித்தார். "கையெழுத்தப் பாத்தாவது மேல கீழ போடுங்கம்மா!"

"சமம்னா சம ரேங்க். நீங்க போட்ட விதிதான் சார்," என்று டீச்சர் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். ஒன்று என்று எழுதி, அதன் கீழே முப்பத்தாறு பெயர்களையும் எழுத அன்று மாலை வரை ஆயிற்று. கடைசிப் பெயரை எழுதும்போது அவர் சிரித்துக்கொண்டே அழுததை ஜன்னல் வழியாக வகுப்பே பார்த்தது.

இறுதித் தேர்வுக் கட்டு பாலத்தைத் தாண்டியபோது சலசலப்பு வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரமே கேட்டதாக வண்டிக்காரர் சொன்னார். முப்பத்தாறு பேருக்கும் நாற்பத்தொன்று. தெருவில் அன்று நடந்த கூத்தை விவரித்தால் நம்பமாட்டீர்கள். சைக்கிள் கடைக்காரர் கடையிலிருந்த எல்லா மணிகளையும் ஒரே நேரத்தில் அடித்தார். மகள் நர்ஸ் படிப்புக்குப் பெட்டி கட்டினாள்.

யாரும் எதிர்பாராதது அடுத்த வருடம்தான் நடந்தது. எண்கள் போன வருடத்தைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கும். போன வருடமோ முதல் ரேங்கில் முப்பத்தாறு பேர் நெரிசல், இரண்டாம் ரேங்கிலிருந்து கீழே ஆளே இல்லை. எங்கே போவதென்று தெரியாமல் எண்கள் எழுதின இடத்திலேயே இருந்துவிட்டன. சைக்கிள் கடைக்காரரின் கடைசி மகள் எழுபத்தாறுக்கு எழுதியிருந்தாள், எழுபத்தாறு வந்தது. மனுஷன் பயந்துபோய் மார்க் சீட்டை எடுத்துக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்கு ஓடினார்.

"தப்பா வந்திருக்கு சார். எங்களுக்கு இவ்வளவு வராது. திருப்பி எடுத்துக்குங்க."

குமாஸ்தா விடைத்தாளை எடுத்துப் பார்த்தார், மார்க் சீட்டைப் பார்த்தார். "உங்க பொண்ணு எழுதினதுதான் வந்திருக்கு. எடுத்துட்டுப் போங்க," என்றார்.

இந்த அதிசயத்தைப் பார்க்க இரண்டு நாள் கூட்டம் வந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு என்ன எழுதுகிறார்களோ அதுதான் வருகிறது.