பிடித்தவனுக்குத் தலை

அடுத்தவன் விரித்த வலையிலிருந்து மீனை எடுத்துவிட்டு, என் தூண்டிலில் மாட்டியது என்று சொல்கிற ஆளோடு நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா?

விட்ஸ்கோவும் சாப்பிடமாட்டார். குரோவேஷியாவின் லாஸ்தோவோ தீவில் பிறந்தவர். அங்கே குடிகாரன்கூட அடுத்தவன் வலையைத் தொடமாட்டான். ஆனால் குளிர்காலம் முழுக்க மருமகன் கிரேஷோவிடம் பீற்றிக்கொண்டிருந்தார்: "என் பாய்மரப் படகுல கடை மீன் ஏறாது மாப்ள."

கோடையில் குடும்பத்தோடு படகில் கிளம்பிய நாளிலிருந்து தூண்டிலை ஒரு பொடி மீன்கூடக் கடிக்கவில்லை. கிரேஷோ ஜாக்ரெப் நகரத்துப் பையன். கடையில் வாங்கிய சூரை மீன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், "மாமா, இதையும் நீங்கதான பிடிச்சீங்க?" என்பான். அவன் மனைவி, விட்ஸ்கோவின் மகள் ஈவ்கா, விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அன்று மத்தியானம் துடுப்புப் படகில் தனியாகப் போனவர், பாறையோரத்தில் ஒரு வலையைப் பார்த்தார். ஆழமில்லாத தண்ணீரில் ஒரு பெரிய தேள்மீன், செக்கச்செவேலென்று சிக்கிக் கிடந்தது. அதன் முள்ளெல்லாம் விஷம், நிதானமாகப் பிரிக்க வேண்டும். நிதானத்துக்கு எங்கே நேரம்? யாராவது வந்துவிட்டால்? வலையைக் கத்தியால் அறுத்தார்.

"பிடிச்சிட்டாரு!" என்று கிரேஷோ அவரைக் கட்டிக்கொண்டான்.

மனைவி பெரினா மீனைச் சுத்தம் செய்தாள். செவுளுக்குள் வலையின் நைலான் இழை ஒன்று இருந்தது. அதை உருவிக் கடலில் போட்டாள். கணவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். வெங்காயம், தக்காளி, ஒயின் எல்லாம் போட்டு அடுப்பில் வைத்தாள். மீன் உடையக்கூடாது என்று, கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துக் குலுக்கினாள். அன்று கொஞ்சம் பலமாகவே குலுக்கினாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கிழவர் படகு வலித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். மீனவர் லூக்ஷா. கடந்துபோகிறவரைக் கூப்பிடாமல் சாப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை.

"வாங்க பெரியவரே, மாமா பிடிச்ச மீனு!" என்றான் கிரேஷோ.

லூக்ஷா ஏறி உட்கார்ந்தார். சோளக்களியைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டார்.

"எதுல பிடிச்ச?"

"தூண்டில்லதான். கணவாய் வெச்சு..." என்று விட்ஸ்கோ அவருக்கு ஒயின் ஊற்றினார்.

"ம். எனக்குத்தான் இன்னிக்கு நேரம் சரியில்ல. டால்ஃபின் வந்து வலையக் கெடுத்துருச்சு."

"பல்லு அவ்ளோ கூரா?" என்று கேட்டான் கிரேஷோ.

"பல்லா? கத்தில்ல வெச்சிருந்துச்சு! தையக்காரன் மாதிரி நேரா அறுத்திருக்கு."

கிரேஷோவும் ஈவ்காவும் கைதட்டிச் சிரித்தார்கள். விட்ஸ்கோவும் சிரிக்கப் பார்த்தார், உதடு இழுத்துக்கொண்டதே தவிர சிரிப்பு வரவில்லை. பெரினா குனிந்த தலை நிமிரவில்லை.

லூக்ஷா சட்டியிலிருந்து மீன் தலையை எடுத்து விட்ஸ்கோவின் தட்டில் வைத்தார்.

"பிடிச்சவனுக்குத்தான் தலை. சாப்பிடு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, விட்ஸ்கோ அதைக் கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டார்.

மறுநாள் காலை லூக்ஷா கரையில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். விட்ஸ்கோ மருமகனைக் கூட்டிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றார். "அறுத்தது நான்தான்" என்றார்.

"வெளிச்சத்த மறைக்காம நில்லு" என்றார் லூக்ஷா.

விட்ஸ்கோ பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கிரேஷோ தனியாகப் படகுக்குத் திரும்பிப் போனான்.