மாமாவின் காது

எங்கள் வீட்டில் துணி சீக்கிரமே வெளுத்துப்போகும். அழுக்கு அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். சண்டை அதிகம்.

கல்யாணமான புதிதில் சண்டைக்கென்று தனி இடம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு மூச்சு முட்டுகிற சமையலறை, அதன் பின்னால் துணி காயப்போட ஒரு பால்கனி. எல்லாம் எங்கள் ராஜ்ஜியம். ஹாலில் நின்று கத்துவோம். அங்கேயே சமாதானமாகி, ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவோம். அப்போதெல்லாம் நான் இவரை "டா" போட்டுத்தான் கூப்பிடுவேன். அது எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் தெரியாத விஷயம்.

பிறகு மாமா வந்தார். மாமா என்றால் இவருடைய அப்பா. ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டியவர். மாமியார் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்றதும் வேலையோடு கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு பிளாஸ்க், இவ்வளவுதான் சொத்து. அவற்றோடு எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தார்.

அதே சமயத்தில்தான் எங்கள் இரண்டு பேர் வேலையும் தலைகீழானது. இவர் லிஃப்ட் மெக்கானிக். அதுவரை மாதாந்தரப் பராமரிப்பு என்று நிம்மதியாக இருந்தவரை அவசர அழைப்புக்கு மாற்றிவிட்டார்கள். எந்தக் கட்டிடத்தில் எவன் மாட்டிக்கொண்டாலும் இவர் ஓட வேண்டும். நான் பல் செட் செய்கிற லேபில் இருக்கிறேன். அங்கே ஆட்களைக் குறைத்து, மூன்று பேர் பார்த்த வேலையை என் மேஜையில் வைத்தார்கள். நாள் முழுக்க யார் யாருடைய பல் வரிசையையோ தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து என் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவைக் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது. எரிச்சலே அதுதான். தன் தட்டைத் தானே கழுவிவிடுவார். படுக்கையைச் சுருட்டி, அது இருந்த சுவடே தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் வைத்துவிடுவார். குளியலறைக்குப் போக ஹாலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஈரத்தலையோடு நான் வெளியே வந்தால், சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக் காலண்டரைப் படிப்பார். ஒரே தேதியை எவ்வளவு நேரம்தான் படிப்பார், பாவம். ஒரு நாள் கோபித்துக்கொண்டாலாவது நானும் பதிலுக்குக் கோபித்துக்கொண்டிருப்பேன். மனுஷன் அதற்கும் வழி வைக்கவில்லை.

ஆக, சண்டை பால்கனிக்குப் போனது. அங்கேதான் வாஷிங் மிஷின் இருக்கிறது. இவர் கூட வேலை செய்தவர் வீடு மாறும்போது தள்ளிவிட்டுப் போன பழைய மிஷின். துணியைப் பிழியும்போது அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சே பாதிதான் கேட்கும். முதலில் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். பிறகு பழகிவிட்டது. கண்ணால் ஒரு ஜாடை, கையில் கிடைத்த நாலு துணி, ஒரு ஸ்விட்ச். மிஷின் அலற ஆரம்பித்ததும் நாங்களும் ஆரம்பிப்போம். அது நின்றால் நாங்களும் நிற்போம். மாமா முன்னால் "நீங்க, வாங்க" என்று மரியாதை வழிய நின்றவள், பால்கனிக்கு வந்ததும் பழையபடி "டா"வுக்குப் போய்விடுவேன். மாமா ஒரு தடவை அக்கம்பக்கத்தில் யாரிடமோ, "எங்க மருமக ரொம்பச் சுத்தம். துணியில ஒரு பொட்டு அழுக்கு இருக்காது" என்று பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. சிரிப்பும் வந்தது, நெஞ்சில் சுருக்கென்றும் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சண்டை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு. விடுமுறை நாளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போய்வரலாம் என்றேன். "அப்பாவைத் தனியா விட்டுட்டா?" என்றார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் கிடைத்த துணியை அள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். பின்னாலேயே வந்தார். மிஷின் ஓடியது.

"எப்பப் பாரு நான்தான் கெட்டவளா? உனக்குக் கஷ்டமாவே இல்லையா?"

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

"இல்ல, சொல்லு. ஒரே ஒரு தடவை உன் வாயால சொல்லு. எனக்கு அது போதும்."

எனக்கு மாமா வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றுகூட இல்லை. அவர் இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு மட்டும் வருகிறது என்கிற அசிங்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. இவரும் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் என் பாரம் பாதி குறையும் என்று தோன்றியது. அதனால் விடவில்லை. நோண்டினேன். "நல்ல புள்ளை வேஷம் போடாதடா" என்றேன். மிஷின் உச்சத்தில் அலறிக்கொண்டிருந்தது. இவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"ஆமாடி! எனக்கும் பாரமாத்தான் இருக்கு! எங்கப்பா எப்பப் போவாருன்னு நானும்தான் காத்துக்கிட்டிருக்கேன், போதுமா?"

முதல் வார்த்தையிலேயே மின்சாரம் போய்விட்டது. மிஷின் சட்டென்று அடங்கிவிட, மீதி முழுவதும் வீடெங்கும் கேட்டது.

இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஒரு சின்ன சந்தோஷம். அப்பாடா, சொல்லிவிட்டார்! அதற்குப் பிறகுதான் பயம். இவர் முகத்தில் ஈயாடவில்லை. சமையலறைக்குக் கதவு கிடையாது. அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தால் மாமாவின் நாற்காலி.

பிறகு மாமாவின் குரல், தேவைக்கு அதிகமாகவே உரக்க வந்தது.

"கரண்டு போயிடுச்சாம்மா?"

மறுநாள் காலையில் டீ கொடுத்தபோது, "சர்க்கரை போதுமா மாமா?" என்றேன். கையைக் காதருகே வைத்துக்கொண்டு, "என்னம்மா சொன்ன? கொஞ்ச நாளா காது மந்தமா இருக்கு. அவ்வளவு வருஷம் எஞ்சின் பக்கத்துலயே உக்காந்தவன் இல்லையா!" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனசாட்சி உள்ளவர்களாக இருந்தால் அந்த இடத்திலேயே உடைந்திருப்போம். நாங்களோ அந்த வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டோம். படியிறங்கும்போது இவர் என் காதோடு சொன்னார்: "அப்ப நேத்தும் கேட்டிருக்காது." எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசை. பெற்ற அப்பாவுக்குக் காது போய்விட்டது என்று சந்தோஷப்பட்ட பிள்ளையும் மருமகளும் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

அன்றிலிருந்து மாமாவிடம் கத்திப் பேச ஆரம்பித்தோம். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தோம். சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதே சிரித்தோம். விடுமுறை நாளில் அவரையும் அழைத்துக்கொண்டு வெளியே போனோம். சண்டையே போடவில்லை. மிஷின் சும்மா கிடந்தது. அவ்வளவு அன்பாக நாங்கள் அதற்கு முன் இருந்ததே இல்லை. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

அதற்கு நடுவிலேயே சில விஷயங்கள் கண்ணில் பட்டன. இவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்பதற்குள் மாமா எழுந்து கதவைத் திறந்துவிடுவார். ஒரு நாள் அவருக்குப் பின்னால் நின்று நான் கரண்டியைக் கீழே போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். அவர் திரும்பவில்லை. ஆனால் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது. அதை இவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. இவரும் அப்படி எதையோ பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் இவர்தான், "காது டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்" என்றார். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று தோன்றும். எனக்குத் தெரியும், காதைச் சரி பண்ணுவதற்காக நாங்கள் போகவில்லை. விவரம் தெரிந்த ஒருவர் 'இவருக்குக் காது கேட்காது' என்று சொல்லிவிட்டால், அன்றைக்குச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனோம். மாமா வேண்டாம் என்று எவ்வளவோ தட்டிக்கழித்தார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானேப்பா" என்றார். நாங்கள் விடவில்லை.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை, பரிசோதனை எடுத்துப் பார்க்கலாம் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே என் வயதிலேயே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அறைக்குள் இன்னொரு சின்ன அறை. கனத்த கதவு, சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்தது போல மெத்தை, நடுவில் ஒரு கண்ணாடி. மாமாவை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"ஐயா, உள்ளே ஒரு சின்னச் சத்தம் வரும். எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் இதை அமுக்கணும். சரியா?" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எங்கள் இரண்டு பேரையும் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.

அவள் எதையோ திருகினாள். மாமா அமுக்கவில்லை. இன்னும் திருகினாள். அமுக்கவில்லை. பரீட்சைக்கு வந்த பையனைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே கேட்காது போலிருக்கிறதே! இவர் என் கையைப் பிடித்தார். இவருக்கும் அதே நினைப்பு என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

அந்தப் பெண் எங்கள் பக்கம் சாய்ந்து, "ஒண்ணு கவனிச்சீங்களா சார்?" என்றாள். "ஒவ்வொரு தடவை சத்தம் குடுக்கும்போதும் ஐயா கண்ணைச் சிமிட்டுறாரு. விரலும் பொத்தான்கிட்ட வரைக்கும் போகுது. அப்புறம் நிறுத்திக்கிறாரு." பிறகு முன்னால் இருந்த மைக்கை அமுக்கி, மெல்லிய குரலில் பேசினாள். "ஐயா, உங்களுக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியுது. ஏன் அமுக்க மாட்டேங்கிறீங்க?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். உதடு அசைந்தது. மேஜை மேலிருந்த சின்ன ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. தான் பேசுவது அவள் ஒருத்திக்குத்தான் கேட்கும் என்று நினைத்திருக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"கேக்கலைன்னே எழுதிக் குடுத்துடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் திகைத்துப்போய் எங்களைப் பார்த்தாள். ஸ்பீக்கரை நிறுத்தத் தோன்றவில்லை அவளுக்கு.

"கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டான்மா. யாருதான் சொல்லல? சின்னஞ்சிறுசுங்க. அவங்க வீட்டு நடுவுல நான் போய் உக்காந்துக்கிட்டா அதுங்க என்ன பண்ணும்? அன்னையிலேருந்து என் முகத்தைப் பாக்க முடியாம ரெண்டும் தவிக்குது. பயந்து பயந்து சிரிக்குது. இப்பல்லாம் சண்டைகூடப் போட்டுக்கிறதில்ல, பாவம். எனக்குக் காது கேக்காதுன்னு நீ சொல்லிட்டா, அதுங்க பழையபடி ஆயிடும்."

இவர் பிடி என் கையிலிருந்து நழுவியது. எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். எத்தனையோ பேரைப் பூட்டிய பெட்டியிலிருந்து மீட்டவர், எதிரில் இருந்த ஒரு கதவைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும் தைரியம் வந்துவிட்டதா என்ன? தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அன்றைக்கு வந்து போன அந்தச் சின்ன சந்தோஷத்தை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

"சார்..." அந்தப் பெண்ணுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "நான் என்ன எழுதட்டும்?"

இவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த தலையைப் பார்த்தார்.

"நல்லா கேக்குதுன்னே எழுதுங்க மேடம்."

பிறகு எழுந்துபோய் அந்தக் கனத்த கதவை இழுத்துத் திறந்தார். நானும் பின்னால் போனேன். மாமா முகத்தில் அவசரமாக அந்தச் செவிட்டுச் சிரிப்பு வந்தது. "என்னப்பா, என்ன சொன்னாங்க?" என்று உரக்கக் கேட்டார். இவர் குனிந்து, மாமாவின் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினார். மாமா இவர் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மேஜையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வடிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்கப்பா," என்றார். "உங்களை வீணா அலைய வச்சிட்டேன்."

நான் பொறுக்க மாட்டாமல் முன்னால் வந்தேன்.

"மாமா, அன்னைக்கு அவரைச் சொல்ல வச்சதே நான்தான்! நான்தான் விடாம..."

அத்தனை நாள் கத்திக் கத்திப் பேசிய பழக்கம். அப்போதும் கத்தித்தான் சொன்னேன். அந்த மெத்தை வைத்த சின்ன அறையில் என் குரல் எனக்கே காதைக் குடைந்தது.

மாமா என் பக்கம் திரும்பினார். நாங்கள் அடியோடு மறந்துபோயிருந்த தன்னுடைய பழைய தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மெதுவா பேசும்மா. எனக்குத்தான் எல்லாம் கேக்குதே."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எங்கள் இரண்டு பேராலுமே முடியவில்லை.