டெல்மரின் குரல், ரூஃபஸின் வாய்

எல்லாரும் சௌக்கியமா? சாப்பிட்டாச்சா? "ஈவ்லின், விளக்கை அணைக்காதே" பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதில் முன்னே நின்று பாடுவது என் அண்ணன் டெல்மர். பால்டிமோரில் எங்கள் தெருப் பையன்கள் ஐந்து பேர், குரல் நன்றாக எதிரொலிக்கும் என்று பள்ளிக்கூட மாடிப்படியில் நின்று பாடிப் பழகிய பாட்டு அது.

இசைத்தட்டு வெளிவரும் முன்பே, துறைமுக வேலையில் கயிறு அறுந்து, தூக்கிய சுமை மேலே விழுந்து டெல்மர் செத்துப்போனான். அதன் பிறகுதான் பாட்டு ஊரெங்கும் ஓடியது. தொலைக்காட்சியிலிருந்தும் அழைப்பு வந்தது.

அந்த ஐவரில் ஒருவனான க்ளைட், ரூஃபஸ் என்ற ஒல்லிப் பையனோடு வந்து அம்மா முன் நின்றான்.

"அத்தை, அஞ்சு பேருக்கும் நீங்கதானே ஒரே மாதிரி கோட்டு தைச்சீங்க. டெல்மரோடத இவனுக்குச் சுருக்கித் தரணும்."

"இவன் அவனை மாதிரி பாடிடுவானா?"

"பாடவே வேண்டாம் அத்தை. டி.வி.யில அந்த இசைத்தட்டைத்தான் போடுவாங்க. வாயை அசைச்சாப் போதும்."

அம்மா நாடாவை எடுத்தாள். "கையைத் தூக்குடா, தீக்குச்சி," என்று அளவெடுத்தாள்.

சனிக்கிழமை, தொலைக்காட்சிப் பெட்டி இருந்த பக்கத்து வீட்டில் தெருவே கூடியது. டெல்மரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, டெல்மரின் குரலுக்கு ரூஃபஸ் வாயசைத்தான். அம்மா எழுந்து போய்த் தன் சால்வையால் தொலைக்காட்சித் திரையை மூடினாள்.

"சத்தத்தைக் குறைக்காதீங்க," என்றாள்.

பாட்டு முடியும்வரை யாரும் சால்வையைத் தொடவில்லை.

உங்கள் வீட்டில் போனவர்களின் குரல் எதிலாவது மிஞ்சியிருக்கிறதா? அதைக் கேட்க முடிகிறதா உங்களால்? எனக்கு எழுதுங்கள்.