நானூறு ரூபாய்க் கதை

1

இந்தக் கதை நானூறு ரூபாய்க்காக எழுதப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலைத் தாகம், உள்ளொளி, விடியற்காலைக் கனவு, எதுவும் கிடையாது. என் பழைய கதை ஒன்றை என் குரலிலேயே வாசித்து அனுப்பச் சொல்லி ஓர் இணையதளத்துக்காரர்கள் கேட்டார்கள். ஆரணியில் அதற்கு எங்கே போவது என்று விசாரித்தேன். சேவூர்ப் பக்கம் ஜெயவேலின் தறிக் கொட்டகை மாடியில் 'சசி சவுண்ட்' என்று ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது என்றார்கள். போனேன், வாசித்தேன், ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டணம் நானூறு. பையைத் துழாவினால் பர்ஸ் வீட்டில் இருக்கிறது. செல்போனில் அனுப்பலாம் என்றால் அன்று ஊரெல்லாம் மின்தடை, டவரும் படுத்துவிட்டது.

"பரவால்லக்கா," என்றாள் கூடத்தின் முதலாளி சசிகலா. "காசுக்குப் பதிலா என்னைப் பத்தி ஒரு கதை எழுதிக் குடுத்துடுங்க. விளம்பரமாவும் ஆச்சு."

நான் வாய் திறப்பதற்குள் நிபந்தனைகள் வந்து விழுந்தன. "அழுவாச்சிக் கதையா இருக்கக் கூடாது. ரேட்டு கரெக்டா போடணும். ஸ்டுடியோ பேரு ரெண்டு தபா வரணும்."

(ஒரு தபா வந்துவிட்டது. எண்ணிக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் ஒன்று: "பட்டின் மென்மையும் இசையின் மென்மையும் கைகோக்கும் ஆரணியின் அந்தி வேளையில்—"

[நிறுத்திவிட்டேன். கீழே விசைத்தறி ஓடும்போது அந்த மாடியில் மென்மை என்று சொன்னால் சசிகலா சிரித்தே செத்துவிடுவாள்.]

தொடக்கம் இரண்டு: "சென்னையில் டப்பிங் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, கண்களில் கனவோடு ஊர் திரும்பிய சசிகலா—"

[கண்களில் கனவெல்லாம் இல்லை. கையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மைக்கும் இருந்தன. மைக்குக்கு இன்னும் மாதத் தவணை ஓடுகிறது.]

தொடக்கம் மூன்று. இதுதான் நிற்கிறது. அந்த அறையை அவள் பிடித்ததற்கு ஒரே காரணம், அது மலிவு. மலிவாக இருந்ததற்கு ஒரே காரணம், கீழே ஓடும் தறிகள். "இந்தச் சத்தத்துல நாய்கூடப் படுக்காது, இதுக்குப் போய் ஆறாயிரமா?" என்று பேசிப் பேசியே ஜெயவேலை நாலாயிரத்து ஐந்நூறுக்கு இறக்கினாள். அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கிய பிறகுதான் அங்கே வைக்கப்போவது ஒலிப்பதிவுக் கூடம் என்று சொன்னாள். தெருவே தலையில் அடித்துக்கொண்டது.

ஆனால் அவள் கணக்கு வேறு. சுவரெல்லாம் முட்டை அட்டை, அதன்மேல் பழைய ரஜாய், கதவுக்கு இரண்டு கம்பளி. சில்லறை வேலைகளுக்கு அது போதும். பெரிய வேலைக்கு? அதற்குத்தான் மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துகிறார்களே! நாளைக்குக் கரண்ட் இல்லை என்று பேப்பரில் பார்த்ததும் ஊரே சலித்துக்கொள்ளும். சசிகலா மட்டும் துள்ளிக் குதிப்பாள். கரண்ட் போனால் தறி நின்றுவிடும். அவளிடம் இன்வர்ட்டர் இருக்கிறது. ஊர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு பகலில்தான் அவள் மாத வருமானத்தில் பாதியைச் சம்பாதிப்பாள்.

3

ஒலிப்பதிவுக் கூடம் என்றால் பாடகர்கள் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். எழுத்தாளர்களின் உலக ஞானம் இவ்வளவுதான்.

"நல்லா பாடறவங்க கிட்ட காசு இருக்காதுக்கா," என்றாள் சசிகலா. "காசு இருக்கறவங்களுக்குப் பாட வராது. எனக்குச் சோறு போடறதே பாட வராதவங்கதான். அவங்க நல்லா இருக்கணும்."

ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகும் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு ஐந்நூறு. பள்ளி ஆண்டுவிழா ஆட்டத்துக்கு நாலு பாட்டை வெட்டி ஒட்ட முந்நூறு. வளைகாப்புக்கு அத்தைமார்கள் சேர்ந்து பாடினால் எழுநூறு. நடுவில் அத்தைமார்கள் சண்டை போட்டுக்கொண்டால் அந்த நேரத்துக்குத் தனி. இரங்கல் அறிவிப்பு நானூறு. "அதுல மட்டும் யாரும் பேரம் பேச மாட்டாங்கக்கா. செத்தவங்களுக்கு அவ்ளோ மரியாதை." தேர்தல் வந்தால் தீபாவளிதான், ஆனால் முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிவிட வேண்டும். தோற்றவர் போனை எடுக்க மாட்டார். ஜெயித்தவரும் எடுக்க மாட்டார்.

(ரேட்டு எல்லாம் கரெக்ட். அவளே திருத்திக் கொடுத்தாள்.)

எல்லாவற்றையும் கூட்டினால் மாதச் செலவைத் தொட்டுவிட்டு ஒரு பிளேட் பிரியாணிக்கு மிஞ்சும். அந்தப் பிரியாணியை அவள் ஒரு மாதம்கூட விட்டதில்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இந்த நிலையில்தான் ஆடி பிறந்ததும் ஜெயவேல் மாடியேறி வந்தார். நல்ல மனிதர், ஆனால் வாடகை பேசும்போது மட்டும் கூரையைப் பார்த்துத்தான் பேசுவார். "கூரியர்காரன் ஒருத்தன் இந்த ரூமுக்கு எட்டாயிரம் தரேன்னு வந்து நிக்கறான். நான் இன்னாம்மா பண்றது? உன்னால எட்டு முடியும்னா இரு. இல்லன்னா ஒண்ணாந்தேதி காலி பண்ணிக் குடு."

4

[இந்தப் பகுதியில் சசிகலா மைக்கைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, முட்டை அட்டைச் சுவரில் சாய்ந்து அழுதாள். ஒப்பந்தப்படி நீக்கப்பட்டது.]

("நான் எங்கக்கா அழுதேன்? அழுதா மூக்கடைச்சிக்கும். அன்னிக்கு ரெண்டு விளம்பரம் பேச வேண்டியிருந்துச்சி.")

5

இப்போது ராஜவேலு வருகிறார். பட்டுச் சேலை மொத்த வியாபாரி. சொந்த ஊர் சந்தவாசல். ஊர் அம்மனுக்குத் தானே எழுதி, தானே பாடி ஒரு பாட்டு வெளியிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒரு பாட்டுக்குப் பதினைந்தாயிரம் என்று பேச்சு. "நல்லா வந்துச்சின்னா நவராத்திரிக்கு ஒம்பது பாட்டு போட்டுடலாம்மா," என்று வேறு சொல்லிவிட்டார். ஒன்பது பாட்டு வந்தால் சசிகலா ஜெயவேலோடு உட்கார்ந்து பேச முடியும். வராவிட்டால் ஒண்ணாந்தேதி முட்டை அட்டையைக் கழற்ற வேண்டியதுதான்.

மின்தடை நாள். காலையில் நான் வாசித்து, நானூறுக்கு மாட்டிக்கொண்ட அதே நாள். எனக்கு அடுத்து ராஜவேலு. போக மனமில்லாமல் நான் அறை மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபேன் ஓடினால் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்ட, ராஜவேலு ஹெட்போனை மாட்டினார். மாட்டிய வேகத்தில் கழற்றினார்.

"இன்னாம்மா இது, காதுக்குள்ள பல்லி கத்திகினு கீது?"

"அதுதான் தாளம் சார். அது கூடவே சேர்ந்து பாடணும்."

"பல்லி கூட எப்பிடிம்மா சேர்ந்து பாடறது?"

பாடினார். பல்லவியில் பல்லியை முந்தினார், சரணத்தில் பல்லி அவரை முந்தியது. சுருதி போனால் கம்ப்யூட்டரில் தூக்கி நிறுத்திவிடலாம். தாளம் போனால் ஒவ்வொரு சொல்லாக வெட்டி நகர்த்த வேண்டும், அதற்கு ஆடி முழுக்கப் போதாது. மத்தியானம் தாண்டியது. மனிதர் தளர்ந்துவிட்டார். "உட்டுடும்மா. எனக்கு வராது போல," என்றார். அதைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

"கடைசியா ஒரே ஒரு தபா சார்," என்று சசிகலா கெஞ்சி, பதிவை ஓடவிட்ட நேரம் பார்த்து, சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது.

கீழே அன்று ஒரே ஒரு தறியில்தான் நெய்யப் பாவு நூல் ஏற்றியிருந்தது. அது கிளம்பியது. தடக் தடக். தடக் தடக்.

"போச்சு," என்று சசிகலா நிறுத்தக் கையை நீட்டினாள். ராஜவேலு நிறுத்தவில்லை. காதிலிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தார். தோள் இறங்கியது, தலை ஆட ஆரம்பித்தது. யாரும் சொல்லாமலே பல்லவியை முதலிலிருந்து எடுத்தார். அடேயப்பா! ஒரு சொல் பிசகவில்லை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் எழுந்து, தறிச் சத்தத்துக்கு மேலே வியாபாரம் பேசிய மனிதர். காலையிலிருந்து நாங்கள் அவரை அமைதியில் உட்காரவைத்துக் கொன்றுகொண்டிருந்திருக்கிறோம்.

சசிகலா நீட்டிய கையை வாய்மேல் வைத்துக்கொண்டு சிரித்தாள். மைக்கில் விழுந்துவிடுமே என்று அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

(இந்தக் கண்ணீர் ஒப்பந்தத்தில் வராது.)

6

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. வசதியாகக் கரண்ட் வருகிறது, வசதியாக ஒரே தறி ஓடுகிறது. வாசகர் நம்புவாரா? சசிகலாவிடம் கேட்டேன். "ராஜவேலு விடாமல் பழகி, கடைசியில் தாளம் பிடிபட்டுவிட்டது என்று மாற்றிவிடட்டுமா?"

"ஐயோ, அதை யாருக்கா நம்புவாங்க?" என்றாள்.

ஆகவே நடந்தது நடந்தபடி. மறுநாள் அவள் மைக்கைத் தூக்கிக்கொண்டு கீழே போய், அந்தத் தறியைத் தனியாகப் பதிவு செய்தாள். பல்லியை எடுத்துவிட்டு ராஜவேலுவின் காதில் தறியை விட்டு, மறுபடி பாடவைத்தாள். பாட்டிலும் அதை அடியில் ஓடவிட்டாள். கேட்டுவிட்டு ராஜவேலு நின்ற இடத்திலேயே ஒரு சுற்று ஆடி, ஒன்பது பாட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

7

முடிவு அ: பாட்டு உலகமெங்கும் பரவி, ஒரே இரவில் சசிகலா— [சே. நானூறு ரூபாய்க்கு இவ்வளவு பொய் சொல்ல முடியாது.]

முடிவு ஆ: அறை முழுக்கக் கூரியர் பெட்டிகள். தெருவில் நின்று தறியோசையைக் கேட்டபடி அவள்— [ஒப்பந்த மீறல்.]

முடிவு இ, நேற்று வரைக்கும் நடந்தது: பாட்டைக் கேட்ட ஜெயவேல் தன் தறிச் சத்தத்தையே செல்போன் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். அவர் மனைவி பரிமளா, கீழேதான் நாள் பூரா ஓடுகிறதே, போனிலுமா என்று கேட்டும் பயனில்லை. கூரியர்காரன் போன் செய்தாலும் எடுப்பதில்லை, பாட்டு போலக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று நான் கதைப் பிரதியோடு போனபோது 'சசி சவுண்ட்' வாசல் படியில் (இரண்டு தபா ஆயிற்று, கடன் தீர்ந்தது) பேரம் நடந்துகொண்டிருந்தது.

"சத்தம் சத்தம்னு சொல்லித்தானே வாடகைய கொறச்ச? இப்போ அதே சத்தத்தைப் பாட்டுல வெச்சி விக்கற. அப்போ ஏத்தணுமா இல்லியா? ஏழாயிரம்."

"ராஜவேலு சார் ஒருத்தருக்குத்தான் உங்க தறி வேணும். மத்தவங்களுக்கு இன்னமும் அது பேஜார்தான். ஒம்பது பாட்டு முடிஞ்சா அப்புறம் நான் எங்க போறது? ஐயாயிரத்து ஐந்நூறு."

"ஏழு."

"அஞ்சரை."

இரண்டு பேருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, இரண்டு பேரும் காட்டிக்கொள்ளவில்லை. சசிகலா என்னை உள்ளே இழுத்துப் போய்க் காதைக் கடித்தாள். "ஆறு வரைக்கும் என்னால தாக்குப்பிடிக்க முடியும்க்கா. அவர் கிட்ட சொல்லிடாதீங்க." இறங்கி வரும்போது கொட்டகை வாசலில் ஜெயவேல் மடக்கினார். "அந்தப் பொண்ணு ஆறு குடுத்தாகூடப் போதும்மா, கூரியர்காரனை அனுப்பிடுவேன். ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னால் சொல்ல முடியாது. ஒண்ணாந்தேதி நெருங்குகிறது, படியில் அவர் ஏழிலும் அவள் ஐந்தரையிலும் நிற்கிறார்கள்.

உங்களிடம் யாரும் வாக்கு வாங்கவில்லையே. போய் நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள், கீழே தறி ஓடுகிறது.