கோடையில் வெட்டிய கன்றுகள்

பேரீச்சையின் பக்கக்கன்றைக் குளிர்காலத்தில்தான் வெட்ட வேண்டும். வெயில் காலத்தில் வெட்டினால் அந்தக் காயத்தின் வாசனைக்குக் கூன்வண்டு பறந்து வந்து முட்டை வைத்துவிடும்; புழு உள்ளிருந்தே மரத்தைத் தின்றுவிடும். ஓமானில் எங்கள் இப்ரா பக்கத்தில் இது தெரியாதவர்கள் இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் என் மகள் நஸ்ராவின் நிக்காஹ் நடுக்கோடையில் வந்து தொலைத்தது. தாய்வீட்டுச் சீராகக் கன்று கொடுக்காமல் பெண்ணை அனுப்பினால் சம்பந்தி வீட்டில் மதிப்பார்களா? என் வீட்டில் காய்ப்பது ஒரே ஒரு கலாஸ் ரகப் பேரீச்சை மரம். அதனடியில் இரண்டு கன்றுகளை வெட்டிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு வீம்பு எனக்கு.

இரண்டு வருடம் ஆயிற்று. நேற்று அந்த மரத்தின் அடியில் பழுப்பு நீர் வடிந்திருந்தது. புளித்த நாற்றம். காதை வைத்துக் கேட்டேன். காய்ந்த ரொட்டியை மெல்வது போல உள்ளே சத்தம். என் மரம் போனால் போகட்டும், அந்தக் கன்றுகள் என்ன ஆயினவோ?

நஸ்ராவுக்குப் போன் செய்தேன்.

"கன்னு எப்படிடி இருக்கு?"

"குருத்து வாடிடுச்சும்மா. நான் சரியா தண்ணி விடலையாம். தினமும் மாமியாகிட்ட பாட்டு வாங்குறேன்."

"தண்ணியில்லடி. புழு. நம்ம மரத்துப் புழு."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. இன்னும் புள்ள உண்டாகலன்னு ஏற்கெனவே பேசுறாங்க. இதுவும் சேர்ந்துச்சுன்னா என்னை அனுப்பிடுவாங்க."

சொல்லாவிட்டால் கன்றிலிருந்து வண்டு பறந்து சம்பந்தி கல்ஃபானின் நாற்பது மரங்களும் போகும். அவளுக்குச் சோறு போடுவதும் அந்த நாற்பதுதான். காலையில் கிளம்பிப் போனேன்.

கன்றுகளைத் தோப்பின் நட்ட நடுவில் வைத்திருந்தார் மனுஷர், பெண் கொடுத்த வீட்டுக்கு மரியாதையாம். நஸ்ரா காப்பிக் குடுவையோடு வந்து நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். பக்கத்திலிருந்த பெரிய மரத்தில் காதை வைத்தேன். அதே சத்தம். அடுத்ததிலும் கேட்டது. மூன்றாவதில் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"என்ன சம்பந்தி, மரம் ரகசியம் சொல்லுதா?" என்று சிரித்தார் கல்ஃபான்.

"கூன்வண்டு. நான் குடுத்த கன்னுலதான் வந்துச்சு. கோடையில வெட்டினேன். உங்க மருமக மேல தப்பில்ல. இன்னிக்கே வெட்டி எரிச்சா மிச்ச மரமாவது தப்பிக்கும்."

அவர் மூன்றாவது மரத்தில் காதை வைத்தார். பிறகு நான்காவது, ஐந்தாவது என்று வரிசையாகப் போனார். வாய்க்கால் ஓரத்துக் கடைசி மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"உங்க மருமக மேல தப்பில்ல," என்றேன் மறுபடியும்.

"தெரியுது. ஆனா நாப்பதுலயும் அந்தச் சத்தம் கேக்குது. இனிமே அவளுக்குச் சோறு போட என்கிட்ட என்ன இருக்கு? கூட்டிட்டுப் போங்க."

நஸ்ரா குடுவையைத் தரையில் வைத்தாள். அழவில்லை.

"எங்கேம்மா கூட்டிட்டுப் போவே?" என்று என்னைக் கேட்டாள். "உன்கிட்ட இருந்ததும் அந்த ஒரு மரந்தானே?"